பயறில் ஏறும் இரும்பு ரத்தத்தில் ஏறுமா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி

"பீன்ஸ் பயறில் இரும்பைக் கூட்டுகிறோம் என்று இருபது வருடமாகச் செடிகளைக் கலப்புச் செய்துகொண்டிருக்கிறார்கள். பயறில் எவ்வளவு இருந்தாலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தானே? ஒரு மாத்திரையில் முடிகிற வேலை. விதையில் ஏறும் எண் ரத்தத்தில் ஏறும் என்று யார் சொன்னது?"

3 பிப்ரவரி, இரவு

ஏறும். ருவாண்டாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். விவரம் நாளைக்கு.

4 பிப்ரவரி

முதலில் ஒன்று. இங்கே பேசுவது பச்சையாகப் பறிக்கும் பீன்ஸ் காயைப் பற்றியல்ல. முற்றவிட்டு, காயவைத்து, உடைத்தெடுக்கும் பயறு. ராஜ்மாவும் அந்தக் கூட்டம்தான். மத்திய அமெரிக்கப் பக்கம் ஒரு தடவை, ஆண்டீஸ் மலைப் பக்கம் ஒரு தடவை என்று இரண்டு இடங்களில் தனித்தனியாக மனிதர் கைக்கு வந்த பயிர். அதனால்தான் சின்ன விதைக் குடும்பம், பெரிய விதைக் குடும்பம் என்று இன்றும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

ருவாண்டா சோதனை இதுதான். 18 முதல் 27 வயது வரையிலான 195 பல்கலைக்கழக மாணவிகள். எல்லோருக்கும் இரும்பு இருப்பு குறைவு. ஒரு பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 86 மில்லிகிராம் இரும்புள்ள பயறு, மறுபாதிக்கு 50 மில்லிகிராம் உள்ள சாதாரணப் பயறு. 128 நாட்கள். முடிவில் இரும்புப் பயறு சாப்பிட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் லிட்டருக்கு 3.8 கிராம் கூடுதலாக ஏறியிருந்தது. ஆய்வறிக்கை 2016இல் வந்தது. அதே மாணவிகளின் ஞாபகசக்தியையும் கவனத்தையும் தனியாகச் சோதித்தார்கள், அதிலும் முன்னேற்றம்.

நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் கணக்கில் இது டெசிலிட்டருக்கு 0.38 கிராம். பெரிய தாவல் இல்லை. ஆனால் மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. ஒரு தட்டுப் பயறுக்குப் பதில் இன்னொரு தட்டுப் பயறு, அவ்வளவுதான்.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

கணக்கையும் போட்டுவிடுகிறேன். நாளுக்கு 100 கிராம் காய்ந்த பயறு என்று வையுங்கள். கிலோவுக்கு 50 என்றால் அதில் 5 மில்லிகிராம். நூற்றுக்கு 5 பங்கு உடம்பில் சேர்ந்தால் 2.5 மில்லிகிராம். மாதவிடாய் இருக்கும் பெண்ணுக்கு உள்ளே போக வேண்டியது நாளுக்குச் சுமார் ஒன்றரை. ஆக, சாதாரணப் பயறே தாராளம் போலிருக்கிறதே! கேள்வி கேட்டவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

கீரையில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது என்ற நம்பிக்கையே ஒரு விஞ்ஞானி புள்ளியை இடம் மாற்றி வைத்ததால் வந்தது என்பார்கள். எண்களை நம்பினால் இப்படித்தான்.

5 பிப்ரவரி

காலையில் எழுந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்தில் நூற்றுக்கு ஐந்து 0.25. இரண்டரை அல்ல, கால். புள்ளியைத் தப்பாக வைத்தவரைக் கிண்டலடித்த அதே குறிப்பில் நானும் புள்ளியைத் தப்பாக வைத்திருக்கிறேன். அழிக்க மனமில்லை, கிடக்கட்டும்.

சரியான கணக்கு: சாதாரணப் பயறில் 0.25 மில்லிகிராம். கிலோவுக்கு 94 உள்ள பயறில் 0.47. தேவை ஒன்றரை. எந்தப் பயறும் தனியாக ஆளைத் தூக்கிவிடாது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் தினமும் சேர்ந்துகொண்டே போகும்.

94 என்ற எண்ணை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பயிர்களில் சத்தைக் கூட்டும் ஹார்வெஸ்ட்பிளஸ் திட்டம் 2003இல் தொடங்கியபோது பீன்ஸுக்கு வைத்த இலக்கு அது. இருக்கும் 50க்கு மேல் 44.

5 பிப்ரவரி, மாலை

இன்னொரு அடி. கீரைப் புள்ளிக் கதையும் பொய்யாம். அப்படி ஒரு புள்ளிப் பிழை நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்று தேடிப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிழையைப் பற்றிய பிழையைச் சொல்லி நான் ஒரு பிழை. இரண்டு நாள் எதுவும் எழுதாமல் இருக்கிறேன்.

11 பிப்ரவரி

மாத்திரை போதாதா என்று கேட்டதற்குச் சொந்தக் கதை. எனக்கு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் எண்) 9 என்று வந்த வருடம் மாத்திரை கொடுத்தார்கள். நாளுக்கு இரண்டு. முதல் வாரமே வயிறு கல்லாகிவிட்டது. மூன்றாவது வாரம் ரகசியமாக நிறுத்தினேன். மருத்துவரிடம் "சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று பொய் சொன்னேன். அடுத்த பரிசோதனையில் ஃபெரிட்டின் 10. பொய் வெளுத்துவிட்டது.

பிறகுதான் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு பெரிய அளவு இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டிக் குடலின் கதவைச் சாத்திவிடுகிறது. மறுநாள் போடும் மாத்திரை அந்தச் சாத்திய கதவைத்தான் தட்டுகிறது. விட்டுச் சாப்பிட்டபோது வயிறும் தாங்கியது, எண்ணும் ஏறியது.

மாத்திரை வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நாமும் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விதை அப்படியில்லை, ஒருமுறை நிலத்துக்குப் போய்விட்டால் போதும். பீன்ஸ் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும் பயிர் என்பதால், எடுத்துவைத்த விதையும் அடுத்த முறை அதே குணத்தோடு வரும். வருடா வருடம் விதை விற்றுப் பிழைக்கும் கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? அதனால்தான் இந்த வேலை பெரும்பாலும் அரசுகளின் கையிலும் பொது ஆராய்ச்சி நிலையங்களின் கையிலும் இருக்கிறது.

20 பிப்ரவரி

"இருபது வருடமா?" என்ற எரிச்சலுக்குப் பதில். கொலம்பியாவில் காலி நகரத்துப் பக்கம் இருக்கும் சியாட் என்ற வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உலகின் பெரிய பீன்ஸ் விதைச் சேமிப்பு இருக்கிறது. அதிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை எடுத்து அளந்தபோது இரும்பு 34 முதல் 89 வரை வந்தது. சராசரி 55.

இலக்கு 94, பெட்டியில் இருந்த மிகச் சிறந்ததே 89. இருப்பதில் நல்லதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. இரும்பைக் கூட்டும் ஒரே மரபணு என்று எதுவும் இல்லை. சின்னச் சின்னதாகப் பல. வெவ்வேறு பெற்றோரிடம் சிதறிக் கிடப்பதை ஒரே செடியில் கொண்டுவந்து குவிக்க வேண்டும். அதே செடி விளைச்சலும் தர வேண்டும், நோயும் தாங்க வேண்டும், சீக்கிரம் வேகவும் வேண்டும். ருவாண்டாவில் முதல் தொகுதி 2010இலும் அடுத்தது 2012இலும் வெளியானது. இவ்வளவு வேலைக்கு அது மெதுவே இல்லை.

இதில் மரபணு மாற்றம் எதுவும் கிடையாது. இடுக்கி, பூ, பொறுமை. அவ்வளவுதான் கருவி.

2 ஏப்ரல்

கருவி என்று சொன்னேன் அல்லவா, கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஜனவரியில் தொட்டியில் போட்ட செடிகள் மார்ச்சில் பூத்தன. வெள்ளை விதைச் செடி தாய், சிவப்பு விதைச் செடி தகப்பன். இலட்சியம் எல்லாம் பெரிதில்லை. கலப்பு என்றால் என்ன என்று விரல் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

பூ மலர்வதற்கு முன்பே மகரந்தப்பை வெடித்துவிடும். ஆகவே நாளைக் காலை மலரப்போகும் மொட்டை இன்றைக்கே திறக்க வேண்டும். கொடி இதழை விலக்கி, சிறகு இதழ்களை ஒதுக்கினால் உள்ளே படகு இதழ். மற்ற பயறுகளில் அது படகு. இதிலோ நத்தைக்கூடு மாதிரி சுருண்டு கிடக்கிறது! அந்தச் சுருளைக் கிழிக்காமல் எடுத்து, பத்து மகரந்தத்தாள்களையும் பிடுங்கி, சூல்முடியில் கீறல் விழாமல் பார்த்து... முதல் பன்னிரண்டு மொட்டும் அன்று மாலைக்குள் உதிர்ந்தன.

பிறகு ஒரு வித்தை படித்தேன். மலர்ந்த தகப்பன் பூவின் இடது சிறகை மெல்ல அழுத்தினால், மகரந்தம் அப்பிய சூல்முடி தானாக வெளியே நீட்டும். அதைக் கிள்ளி எடுத்து, தாய்ப் பூவின் சூல்முடியில் கொக்கி மாதிரி மாட்டிவிடலாம். மொத்தம் 34 பூ. ஐந்து காய் நின்றது.

பொது நிலையங்களில் இதை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கழுத்தெலும்பை நினைத்துப் பார்க்கிறேன்.

17 மே

தோல்வி. ஐந்து காயிலும் சேர்த்துப் பதினான்கு விதை, பதினான்கும் சுத்த வெள்ளை. சிவப்பின் சாயல்கூட இல்லை. தன் மகரந்தமே விழுந்திருக்கிறது. இரண்டு மாதம் போச்சு.

19 மே

தோல்வி இல்லை! நான்தான் மக்கு. விதையின் தோல் தாயுடைய திசு. உள்ளே இருக்கும் கருதான் பிள்ளை. பிள்ளை யாராக இருந்தாலும் போர்த்தியிருப்பது அம்மாவின் புடவை. வெள்ளைத் தாய் என்றால் வெள்ளைத் தோல்தான் வரும். தகப்பனுடைய நிறம் தெரிய வேண்டுமானால் இந்த விதையை முளைக்கவைத்து, அந்தச் செடி தன் விதைக்குப் போர்த்தும் தோலைப் பார்க்க வேண்டும். பதினான்கையும் குப்பையில் கொட்டப் போனேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இரும்பிலும் இதே சங்கதி. விதைக்குள் எவ்வளவு இரும்பு போகிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது தாய்ச்செடியின் வேரும் தண்டும் காயும். கலப்பில் வந்த முதல் விதையை அளந்தால் பிள்ளையை அளந்ததாகாது, அம்மாவின் சமையலை அளந்ததாகும்.

6 ஜூன்

தோல் என்றதும் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் முதல் நாள் "ஏறும்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேனே, அதில் ஒரு பிடிவாதம் இருந்தது. இப்போது கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

பயறில் இரும்பைக் கட்டிப்போடுவது இரண்டு. ஒன்று ஃபைட்டிக் அமிலம், ஃபைட்டேட் என்றும் சொல்வார்கள். விதை பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் பெட்டி அது. பருப்புப் பகுதி முழுக்க இருக்கிறது. இன்னொன்று தோலில் இருக்கும் டானின் முதலான பாலிஃபீனால்கள். சிவப்பு, கறுப்புத் தோலில் அதிகம், வெள்ளையில் இல்லை என்றே சொல்லலாம்.

இரும்புக்காகத் தேர்ந்தெடுத்த பயறுகளில் ஃபைட்டேட்டும் கூடவே ஏறிவந்தது. ருவாண்டாப் பெண்களிடமே இரும்பு ஐசோடோப் கலந்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் அளந்த ஆய்வு ஒன்று உண்டு. கதிர்வீச்சு இல்லாத, எடையில் மட்டும் வேறுபடும் இரும்பு அது. அதனால் எந்த இரும்பு எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். கிலோவுக்கு 88 உள்ள பயறு, 54 உள்ள பயறு. விதையில் வித்தியாசம் 60 சதவீதத்துக்கு மேல். உள்ளே போனதில் வித்தியாசம் 19 சதவீதம்.

கேள்வி கேட்டவருக்கு இந்தப் பத்தியை அப்படியே கொடுக்கிறேன். அவர் நினைத்தது பாதி சரி.

7 ஜூன்

"அப்படியானால் ஃபைட்டேட்டைக் குறைத்துவிட வேண்டியதுதானே" என்று கேட்டு வந்த செய்திகள் மூன்று. செய்தார்கள். ஃபைட்டிக் அமிலத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்ட ஒரு திரிபு பீன்ஸில் கிடைத்தது. அதை ருவாண்டாப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலருக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. வேகவைத்த பிறகும் லெக்டின் என்ற புரதம் சாகாமல் கிடந்திருக்கிறது. பச்சை ராஜ்மாவில் இருக்கும் நஞ்சு அதுதான்; நன்றாகக் கொதித்தால் சாதாரணமாக அழிந்துவிடும். ஃபைட்டேட் பிடித்துவைத்திருந்த கால்சியம் விடுபட்டு லெக்டினைக் கெட்டிப்படுத்துகிறது என்று ஒரு விளக்கம். அந்தப் பயறு சீக்கிரம் வேகவும் மறுக்கிறது.

(இதைப் படிக்கிற யாராவது ராஜ்மாவை ஊறவைக்காமல், கொதிக்கவிடாமல், இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைக்கும் பாத்திரத்தில் போடுகிறீர்கள் என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் லெக்டின் அழியாமல் இருக்கலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.)

15 ஜூன்

தோலை வெளுக்கவைத்தால்? அதற்கும் விலை உண்டு. டானின் இல்லாத வெள்ளை விதை ஈரமண்ணில் சீக்கிரம் அழுகும். எனக்கே நடந்தது. வெள்ளை விதை முதல் தடவை போட்டபோது தண்ணீர் கூடிவிட்டது. பத்தில் எட்டு கூழாகிப்போனது. பக்கத்துத் தொட்டியில் அதே தண்ணீர் குடித்த சிவப்பு ஒன்பது முளைத்தது. நம் குடலில் இரும்பைப் பிடித்துவைக்கும் அதே டானின்தான் மண்ணில் பூஞ்சையிடமிருந்து விதையைக் காப்பாற்றுகிறது. செடி தன் பிள்ளைக்காகச் செய்துவைத்ததை நாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது சிலர் மஞ்சள் பயறுகளைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் சில சீக்கிரம் வேகின்றன. தோலில் இருக்கும் ஒருவகை ஃபிளேவனாய்டு இரும்பைத் தடுக்காமல், குடல் செல் வளர்ப்புச் சோதனையில் உறிஞ்சுதலைக் கூட்டக்கூடச் செய்கிறது. எனக்கு இந்தப் பாதைதான் பிடிக்கிறது. எண்ணை ஏற்றுவதைவிட, இருக்கும் எண்ணை விடுவிப்பது.

16 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்தால் 94ஐத் துரத்தியவர்கள் ஏதோ ஏமாந்தவர்கள் மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. உறிஞ்சுதலை அளக்க ஐசோடோப்பும் ஆட்களும் ரத்தமும் வேண்டும். ஆயிரக்கணக்கான வரிசைகளை அப்படி அளக்க முடியுமா? எக்ஸ்ரே கருவியில் ஒரு கிண்ணம் விதைமாவை வைத்தால் சில நிமிடத்தில் இரும்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். கலப்புச் செய்பவர் அளக்க முடிந்ததைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பிறகு அந்த 128 நாள் சோதனை, எண் கொஞ்சமாவது ரத்தம் வரை போகிறது என்று காட்டிவிட்டது. தினமும் நிறையப் பயறு சாப்பிடும் இடத்தில், ஏற்கெனவே இரும்பு குறைந்தவர்களிடம். அந்த இரண்டு நிபந்தனையையும் பிப்ரவரியில் நான் விழுங்கிவிட்டேன்.

28 ஜூன்

அளப்பது சுலபம் என்று சொன்ன வாய்க்குத் தண்டனை. என் சிவப்புத் தகப்பன் விதையைத் தெரிந்த ஆய்வகம் ஒன்றில் கொடுத்திருந்தேன். கிலோவுக்கு 140 என்று வந்தது. கொலம்பியாவின் பெட்டியில் இல்லாதது என் தொட்டியில்! அரைமணி நேரம் உலகப் புகழ் பெற்றவனாக நடமாடினேன்.

அப்புறம் கணக்குப் போட்டேன். மண்ணில் இரும்பு சாதாரணமாகவே நூற்றுக்கு மூன்று பங்கு இருக்கலாம். அதாவது கிலோவுக்கு 30,000 மில்லிகிராம். ஆயிரம் பங்கு விதைமாவில் ஒரே ஒரு பங்கு மண்தூசி கலந்தால் எண் 30 ஏறிவிடும். நான் விதையைத் தரையில் போட்டு உடைத்தேன், கழுவவில்லை, இரும்புக் கத்தி சுழலும் மிக்ஸியில் அரைத்தேன்.

சோதனைக்கூடங்களில் இதற்காகவே அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் சேர்த்து அளக்கிறார்கள். பயறில் அவை ஏறக்குறைய இல்லை, மண்ணில் நிறைய. அவை ஏறியிருந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

13 ஜூலை

வாலைச் சுருட்டிக்கொண்டு மறுபடி கொடுத்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, துணியில் துடைத்து, பீங்கான் உரலில் இடித்து. 61. புகழ் போனது, விதை நல்ல விதை.

14 ஜூலை

பதினான்கு விதையில் பதினொன்றை மே கடைசியில் போட்டேன், எட்டு வந்தது. வெள்ளைத் தாய்ச்செடியின் பூ வெள்ளை. எட்டில் ஆறு செடி இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறது. இரண்டு வெள்ளையாகவே. அந்த இரண்டும் தாய் தானே பெற்றுக்கொண்டவை. ஆறு நிஜக் கலப்பு. இன்று வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

30 ஆகஸ்ட்

காய் உடைத்தேன். வெள்ளைக்கும் சிவப்புக்கும் பிறந்தது என்ன நிறம் தெரியுமா? கறுப்பு. ஆறு செடியிலும் கறுப்பு.

வெள்ளை என்பது நிறமில்லாமை அல்ல, நிறத்தைப் பூட்டிவைத்தது. பூட்டுக்கு உள்ளே என்னென்ன மரபணு தூங்கிக்கொண்டிருக்கிறது என்று வெளியே தெரியாது. சிவப்புத் தகப்பன் சாவி கொடுத்துவிட்டான். மெண்டல் பட்டாணியை முடித்த கையோடு பீன்ஸிலும் கலப்புச் செய்தார். வெள்ளைப்பூ ஒன்றையும் சிவப்புப்பூ ஒன்றையும். வந்த நிறங்கள் அவருடைய கணக்குக்கு அடங்கவில்லை. ஒரு நிறம் என்பதே இரண்டு மூன்று தனிக்குணங்கள் சேர்ந்ததாக இருக்கலாம் என்று எழுதிவைத்தார். நல்லவேளை பட்டாணியில் தொடங்கினார்.

9 செப்டம்பர்

ஒருவர் கேட்டிருந்தார்: "இரும்புப் பயறைப் பார்த்தால் தெரியுமா?" தெரியாது. சிரமமே அங்கேதான். ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பார்த்ததும் வைட்டமின் ஏ என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். இரும்புக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. மூட்டையில் கலந்துவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது. அதனால் விளைவிப்பவர் இரும்புக்காக இதை வாங்குவார் என்று நம்பினால் கதை நடக்காது. விளைச்சலுக்காகவும் ருசிக்காகவும் வாங்க வேண்டும், இரும்பு கூடவே வர வேண்டும். ருவாண்டாவில் வெளியானவற்றில் பல கொடிவகை. கம்பு நட்டு ஏற்றிவிட வேண்டும், ஆனால் குற்றுச்செடியைவிட நன்றாகக் காய்க்கும். சிறிய நிலக்காரருக்கு அந்தப் பேச்சுதான் காதில் ஏறும்.

பீன்ஸ் விதை பெரிது என்பதும் ஒரு தலைவலி. ஒரு ஹெக்டேருக்குப் பல பத்துக் கிலோ விதை வேண்டும். புது வகை ஒன்று ஊர் ஊராகப் பரவ வருடங்கள் ஆகும்.

10 செப்டம்பர்

என் ஃபெரிட்டின் இப்போது 38. இதைப் பயறின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், மாத்திரையின் வேலை அது. நான் சாப்பிட்டதெல்லாம் கடையில் வாங்கிய, எத்தனை இரும்பு என்று தெரியாத பயறு. சாப்பிட்டதும் தேநீர் குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவைத்திருக்கிறேன். பயறோடு வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இந்த இரண்டுக்கும் யாரும் இருபது வருடம் கலப்புச் செய்யத் தேவையில்லை என்று கேள்வி கேட்டவர் சொல்லலாம். சொல்லட்டும், அதுவும் சரிதான். ஆனால் கையில் பழமும் காயும் இருப்பவருக்குத்தான் அந்த யோசனை.

12 அக்டோபர்

கறுப்பு விதையில் நாற்பதை எண்ணி விதைத்தேன். மீதியில் ஒரு கிண்ணத்தை அளக்கக் கொடுத்தேன், கழுவி, பீங்கான் உரலில் இடித்துத்தான். 57. அப்பாவைவிடக் குறைவு. அம்மாவை நான் அளக்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மிச்சம் இருந்த வெள்ளை விதையை ஜூலையில் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டேன்.

21 அக்டோபர்

முப்பத்தாறு முளைத்திருக்கிறது. "நாற்பது விதையில் பத்து விதையாவது வெள்ளையாக இருந்திருக்க வேண்டாமா, நான்கில் ஒன்று என்பது பள்ளிப் பாடமாயிற்றே" என்று ஒருவர் கேட்கிறார். 19 மே குறிப்பைப் படியுங்கள். வெள்ளை இருந்தால் அடுத்த காயில் தெரியும்.